18 வளைவு, ஒரு ஸ்டாப்வாட்ச்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா சின்னமனூர். தேனியில இருந்து கம்பம் போற ரோட்டுல இருக்கு. கீழ வாழையும் நெல்லும் திராட்சையும். நிமிர்ந்து பார்த்தா மேகமலை. சின்ன வயசுல இருந்தே எங்களுக்கு அந்த மலைதான் வானிலை அறிக்கை. மேல மேகம் கட்டுச்சுன்னா மாடியில காயுற துணியை எடுத்துடுவோம்.

இந்தத் தடவை நான் போனது புதுசா வாங்கின ஒரு பழைய கார்ல. வாசல்ல நிறுத்தி பத்து நிமிஷம்கூட ஆகலை. சித்தப்பா மகன் வந்துட்டான். வயசு 19. பானெட்ல இருக்கிற ரெண்டு காத்துத் துளையைத் தடவிப் பார்த்தான், சைலன்சருக்குக் கீழே குனிஞ்சு பார்த்தான். அப்புறம் கேட்டான்: "அண்ணே, மேகமலை 18 வளைவையும் இது எத்தன நிமிசத்துல ஏறும்? வாங்கண்ணே, நான் போன்ல டைம் வச்சுப் பாக்குறேன்."

அந்த நிமிஷம் என்கிட்ட பதில் இல்லை. "அப்புறம் பாக்கலாம்டா"ன்னு சொல்லி உள்ளே போயிட்டேன். ஆனா அந்தக் கேள்வி ராத்திரி வரைக்கும் கூடவே இருந்துச்சு. ஏன்னா அவன் வயசுல அதே மலையில அதே கேள்வியை நானும் கேட்டிருக்கேன். கேட்டதோட நிறுத்தவும் இல்லை. அந்தக் கதைக்குக் கடைசியில வர்றேன். முதல்ல அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில். அதுக்குக் கொஞ்சம் வரலாறு தேவைப்படுது. பாரிஸ்ல தொடங்கி, சோழவரம் வழியா, கோயம்புத்தூர் போய், திரும்ப மேகமலைக்கு வரணும்.

சாலையில் ஓடின பந்தயம்

கார் பந்தயம் தொடங்கின காலத்தில் பந்தயத் தளம் என்று ஒன்று கிடையாது. ஊருக்கு ஊர் போகிற சாதாரண சாலைதான் தளம். 1903-இல் பாரிஸிலிருந்து மாட்ரிட் வரை ஒரு பந்தயம் நடந்தது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் சாலையோரத்தில் நின்றது, பல இடங்களில் சாலையிலேயே நின்றது. மண் சாலை, புழுதி, எதிரில் என்ன வருகிறது என்றே தெரியாது. ஓட்டியவர்களும் பார்க்க வந்தவர்களும் இறந்தார்கள். ரெனோ கார் நிறுவனத்தை ஆரம்பித்த சகோதரர்களில் ஒருவரான மார்செல் ரெனோவும் அதில் ஒருவர். பந்தயத்தைப் பாதி வழியில், போர்டோ நகரத்தில் நிறுத்திவிட்டார்கள். மாட்ரிட்டுக்கு யாருமே போய்ச் சேரவில்லை.

அதே வருடம் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. பொதுச் சாலையில் மணிக்கு 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். அப்போ வேகமாகப் போகும் காரைச் செய்கிறவர் அதை எங்கே ஓட்டிப் பார்ப்பார்? நான்கு வருடம் கழித்து, 1907-இல் லண்டனுக்குப் பக்கத்தில் புரூக்லேண்ட்ஸ் திறக்கப்பட்டது. கார் ஓட்டுவதற்கென்றே கட்டப்பட்ட பந்தயத் தளம்.

இதை ஏன் சொல்றேன்னா, நம்மள்ல நிறைய பேர் டிராக்கை பணக்காரங்க விளையாட்டு மைதானமா நினைக்கிறோம். பணம் இருக்குறவங்கதான் கட்டினாங்க, அது உண்மை. ஆனா அது பிறந்த காரணம் வேற. சாலை எல்லாருக்கும் பொது, வேகத்துக்குத் தனியா ஒரு இடம் வேணும்னு ஆட்கள் செத்த பிறகுதான் புரிஞ்சது.

சோழவரம்

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் ஒரு விமான ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன, தளம் மட்டும் மிச்சம். 1953-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது. கார், பைக் வைத்திருந்த சில பேர் சேர்ந்து தொடங்கிய சங்கம் அது. அவர்களுக்குச் சோழவரம் ஓடுதளம் கிடைத்தது. அதன் பிறகு ஏறக்குறைய 1980-களின் கடைசி வரைக்கும் தென்னிந்தியாவில் பந்தயம்னா சோழவரம்தான். உங்க வீட்டுல 60 வயசு தாண்டின, மெட்ராஸ்ல வளர்ந்த தாத்தாவோ பெரியப்பாவோ இருந்தா கேட்டுப் பாருங்க. பேரைச் சொன்னதும் முகம் மாறும்.

அங்கே என்ன ஓடின? இங்கதான் நம்ம கதையே இருக்கு. அந்தக் காலத்தில் இந்தியாவில் வாங்கக் கிடைத்தது மூன்றே மூன்று கார்: அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட். வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வது சாமானியர்களுக்கு நடக்கிற காரியம் இல்லை. அதனால் பந்தயம் ஓட்ட ஆசைப்பட்டவர்கள் கையில் இருந்த குடும்பக் காரையே பட்டறையில் விட்டுப் பிரித்தார்கள். மெட்ராஸிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, பம்பாயில் தயாரான ஃபியட் 1100. பின் சீட்டைக் கழட்டு, எடையைக் குறை, கார்புரேட்டரை மாத்து, இன்ஜின் தலையைக் கடைசல் மெஷின்ல விடு. ஷோரூமிலிருந்து வேகமான கார் வராத ஊரில், வேகம் பட்டறையிலிருந்துதான் வந்தது.

1982-இல் பெங்களூரிலிருந்து ஒரு வேடிக்கையான கார் வந்தது. சிபானி டால்ஃபின். பிரிட்டனின் ரிலையன்ட் கிட்டனை இங்கே செய்தார்கள். உடம்பு இரும்பு இல்லை, ஃபைபர். இன்ஜின் 848 சிசி. குடும்பங்கள் அதை அவ்வளவாக நம்பி வாங்கவில்லை. ஆனால் ராலிக்காரர்களும் பந்தயக்காரர்களும் அதன் மேல் பாய்ந்தார்கள். காரணம் எளிமையானது: எடை ரொம்பக் குறைவு. அடுத்த வருடம், 1983 டிசம்பரில், மாருதி 800 வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர். அதையும் இவர்கள் விடவில்லை.

ஹாட் ஹேட்ச் என்கிற பெயர்

இந்தப் பழக்கத்துக்கு ஐரோப்பாவில் ஒரு பெயர் வந்தது: ஹாட் ஹேட்ச். பின்பக்கக் கதவு மேல்நோக்கித் திறக்கிற சின்னக் குடும்பக் கார்தான் ஹேட்ச்பேக். அதில் பெரிய சக்தியுள்ள இன்ஜினும் இறுக்கமான சஸ்பென்ஷனும் நல்ல பிரேக்கும் வைத்தால் அது ஹாட் ஹேட்ச். காலையில் பிள்ளைகளை ஸ்கூலில் விடலாம், ஞாயிற்றுக்கிழமை டிராக்குக்குப் போகலாம்.

இதுக்கு முன்னோடின்னு பலரும் சொல்றது 1961-இல் வந்த மினி கூப்பர். சாதாரண மினியைக் கையில் எடுத்துச் சூடேற்றியவர் ஜான் கூப்பர், பந்தயக் கார் கட்டுகிறவர். அந்தக் குட்டிக் கார் 1964, 1965, 1967 மூன்று வருடங்களும் மான்டே கார்லோ ராலியை ஜெயித்தது. அடுத்தது ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ. நிறுவனத்துக்குள்ளேயே ஒரு சின்னக் குழு கிட்டத்தட்ட ரகசியமாக ஆரம்பித்த வேலை அது. 1976-இல் விற்பனைக்கு வந்தபோது 1.6 லிட்டர், 110 குதிரைசக்தி. 5,000 கார் விற்றால் போதும் என்று நினைத்தார்கள். முதல் தலைமுறை மட்டும் 4 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் தயாரானது.

மினியோட கதையில ஒன்னைக் கவனிங்க. மலிவான கார் ஒரு பக்கம், பந்தயம் தெரிஞ்ச ஆள் இன்னொரு பக்கம். ரெண்டும் ஒரே பட்டறையில சந்திச்சா ஹாட் ஹேட்ச் பிறக்குது. நம்ம ஊர்ல அந்தப் பட்டறை இருந்தது கோயம்புத்தூர்ல.

கோயம்புத்தூர்

கோயம்புத்தூர் ஏன் என்று கேட்டால், பஞ்சாலை, பம்ப்செட், வார்ப்பட ஆலை, தெருவுக்குத் தெரு லேத் பட்டறை. ஒரு பாகம் கிடைக்கவில்லை என்றால் அதைச் செய்துவிடுகிற ஊர். அங்கே லட்சுமி மில்ஸ் குடும்பத்திலிருந்து வந்தவர் எஸ். கரிவரதன். எல்லாரும் சொல்வது 'கரி'. அவரும் சோழவரத்தில் ஓட்டியவர்தான். ஆனால் அவர் பெயர் நிற்பதற்குக் காரணம் அவர் ஜெயித்த கோப்பைகளைவிட அவர் கட்டிய கார்கள். 1980-களின் இறுதியில் அவர் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். உள்ளே இருந்தது மாருதி 800-இன் இன்ஜின். ஊரெல்லாம் கிடைக்கிற இன்ஜின், எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்த இன்ஜின். அதனால்தான் பந்தயத்துக்குள் புது ஆட்கள் வர முடிந்தது.

அந்த வாசல் வழியா உள்ளே வந்த ஒரு கோயம்புத்தூர் பையனை உங்களுக்குத் தெரியும். நரேன் கார்த்திகேயன். ஸ்ரீபெரும்புதூர்ல ஃபார்முலா மாருதியில தொடங்கினவர், 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன்ல ஓட்டின முதல் இந்தியர் ஆனார். மாருதி 800 இன்ஜின்ல இருந்து ஃபார்முலா ஒன்னுக்கு ஒரு பாதை இருந்திருக்கு பாருங்க.

ஸ்ரீபெரும்புதூர்னு சொன்னேன்ல, அதுவும் முக்கியம். சோழவரம் இரவல் இடம். விமானத்துக்காகப் போட்ட தளம், பந்தயத்துக்கென்று கட்டிய தடுப்போ வெளியோட்ட மண்பரப்போ கிடையாது. கிளப் தனக்கென்று ஒரு இடம் தேடியது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் நிலம் வாங்கி, 1990-இல் 3.7 கிலோமீட்டர் தளத்தைத் திறந்தது. இந்தியாவில் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் நிரந்தரத் தளம் அது. அரசாங்கம் கட்டித் தரவில்லை. உறுப்பினர்களின் சங்கம் ஒன்று செய்த காரியம். இப்போ அதோட பேரு மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்.

கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் காலமானார். 2003-இல் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் தளம் ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள்: கரி மோட்டார் ஸ்பீட்வே.

ஷோரூமுக்கு வந்தது, சீக்கிரமே போனது

இதற்கிடையில் பெரிய நிறுவனங்களும் இந்தியாவில் வேகமான ஹேட்ச்பேக்குகளை விற்றுப் பார்த்தன. 2001-இல் ஃபியட் பாலியோ 1.6, 100 குதிரைசக்தி. 2013-இல் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 2015-இல் அபார்த் புன்டோ, 145 குதிரைசக்தி, விலை 10 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. 2016-இல் போலோ ஜிடிஐ, 192 குதிரைசக்தி, மூன்று கதவு, மொத்தம் 99 கார், விலை கிட்டத்தட்ட 26 லட்சம். 2017-இல் பலேனோ ஆர்எஸ். இதில் எதுவுமே இன்றைக்கு ஷோரூமில் இல்லை. மைலேஜ் கேட்கிற நாட்டில், அதே அளவுக் காருக்குக் கூடுதல் விலை கொடுக்க ஆள் குறைவு.

அந்த வரிசையில் ஒன்று மட்டும் நம்ம மண்ணோட சம்பந்தப்பட்டது. பந்தய ஓட்டுநராக இருந்த ஜெ. ஆனந்தின் தலைமையில் இயங்கும் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் கோயம்புத்தூரில் இருக்கிறது. அந்த நிறுவனமும் டாடா மோட்டார்ஸும் சம பங்காகச் சேர்ந்து ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கின. அதிலிருந்து 2018 அக்டோபரில் டியாகோ ஜேடிபி வந்தது. சாதாரண டியாகோ பெட்ரோலில் 85 குதிரைசக்தி. இதில் டர்போ இன்ஜின், 114 குதிரைசக்தி. சஸ்பென்ஷன் மாற்றம், அகலமான டயர், பானெட்டில் காற்றுத் துளை. 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 10 விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. அறிமுக விலை 6 லட்சத்து 39 ஆயிரம். ஜான் கூப்பர் மினிக்குச் செய்ததை, நம்ம ஊர்ப் பந்தயக்காரர் டியாகோவுக்குச் செய்தார் என்று சொல்லலாம்.

2020-இல் புகை விதிகள் பிஎஸ் 6-க்கு மாறின. அதே வருடம் கூட்டு முயற்சியும் முடிந்தது. ஒன்றரை வருடத்துக் கதை. அதனால் இன்றைக்கு அந்தக் கார் வேண்டுமென்றால் ஒரே வழிதான்: இன்னொருத்தர் ஓட்டினதை வாங்கணும். நான் வாங்கினது அதைத்தான்.

பழசு வாங்கினது

வேகமான காரைப் பழசா வாங்குறதுல ஒரு சிக்கல் இருக்கு. மெதுவா ஓட்டணும்னு நினைச்சு யாரும் அதை முதல்ல வாங்கியிருக்க மாட்டாங்க. அதனால எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போனேன். மூணு கார் பார்த்தோம். முதல் கார் பளபளன்னு இருந்துச்சு. அவர் பானெட்டைத் திறந்து, பக்கவாட்டு போல்ட்டுகளை மட்டும் பார்த்தார். "தம்பி, இந்த போல்ட்டுல ஸ்பேனர் பட்டிருக்கு. பெயின்ட் உரிஞ்சிருக்கு பாருங்க. ஃபென்டரைக் கழட்டி மாட்டியிருக்காங்க." கதவு ரப்பரை இழுத்து உள்ளே இருக்கிற வெல்டிங் புள்ளிகளைக் காட்டினார். ஒரு பக்கம் வட்ட வட்டமா கம்பெனி புள்ளி, இன்னொரு பக்கம் பூசி மறைச்சது. விக்கிறவர் அடிபடாத கார்னு சொல்லியிருந்தார். நாங்க டீ குடிச்சிட்டு வந்துட்டோம்.

இன்னும் சிலது அவர்கிட்ட கத்துக்கிட்டேன். டயர் பக்கவாட்டுல நாலு இலக்க எண் இருக்கும். 2319-னா 2019-ஓட 23-வது வாரம் செஞ்சது. நாலு டயரும் நாலு தேதியில இருந்தா ஏன்னு கேக்கணும். ஸ்கேனர் மாட்டிப் பார்க்கணும். வண்டியைக் காலையில, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது முதல் தடவை ஸ்டார்ட் பண்றதை நேர்ல பார்க்கணும்.

மூணாவது கார் சுமாரா இருந்துச்சு. பம்பர்ல கீறல், சீட்டுல கறை. ஆனா பொய் இல்லை. அதை வாங்கினேன். அப்புறம் இன்ஜின் ஆயில், கூலன்ட், முன் பிரேக் பேடு, நாலு டயர், ஒரு இன்ஜின் மவுன்ட்னு வாங்கின விலைக்கு மேல 60 ஆயிரம் கிட்ட போச்சு. வாங்குறவங்க அந்தத் தொகையை முதல்லயே தனியா எடுத்து வெச்சிடுங்க. இன்னொன்னு: நம்ம ஊர் வழக்கமான கார் இன்ஷூரன்ஸ் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது. டிராக்ல அடிபட்டா செலவு நம்ம பாக்கெட்டுதான்.

பட்டியல்ல ஒன்னை விட்டுட்டேன். பிரேக் ஆயில். பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு, அடுத்த சர்வீஸ்ல மாத்திக்கலாம்னு நினைச்சேன்.

நாலாவது சுற்று

முதல் டிராக் டே. செட்டிபாளையம், கரி ஸ்பீட்வே. காலையில எல்லாரையும் உட்கார வெச்சு விதிகளைச் சொன்னாங்க. மஞ்சக் கொடின்னா என்ன, சிவப்புக் கொடின்னா என்ன, எந்த இடத்துல முந்தலாம். ஹெல்மெட் பார்த்தாங்க. ஆம்புலன்ஸ் நின்னுட்டிருந்தது. மூணு சுற்று நல்லாப் போச்சு. எனக்குள்ள ஒரு நரேன் இருக்கான்னு முழுசா நம்பிட்டேன்.

நாலாவது சுற்றுல, நேர் ரோடு முடியிற இடத்துல பிரேக்கை மிதிச்சேன். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போச்சு. கார் நிக்கலை.

என்ன நடந்ததுன்னு கணக்கோட சொல்றேன். ஏறக்குறைய 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 140 கிலோமீட்டரில் வருகிறது. அதை 60-க்குக் கொண்டுவரும்போது பிரேக் வெளியேற்றும் சூடு, ரெண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். இது ஒரே ஒரு மிதிக்கு. ஒவ்வொரு சுற்றிலும் பல தடவை மிதிக்கிறோம். அந்தச் சூடு டிஸ்க்கிலிருந்து பேடுக்கும், அங்கிருந்து பிரேக் ஆயிலுக்கும் போகும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஆனால் பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். ஈரம் சேர்ந்த டாட் 4-க்கு விதிப்படியான குறைந்தபட்சக் கொதிநிலை 155 டிகிரிதான். கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழ் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, அதனால்தான் நம் கால் அழுத்தம் சக்கரத்துக்குப் போகிறது. ஆவியை அமுக்கலாம். கால் அழுத்தமெல்லாம் குமிழைச் சுருக்குவதிலேயே போய்விடும்.

நான் நேரா மண்ணுக்குள்ள போனேன். கார் குலுங்கி, புழுதி கிளம்பி, நின்னுச்சு. கொடி காட்டுறவர் ஓடி வந்து, "அடிபட்டுச்சா?"ன்னு கேட்டார். இல்லைன்னேன். பின்னாடி வந்தவங்களுக்கு மஞ்சக் கொடி காட்டினாங்க. கை மட்டும் ரொம்ப நேரம் நடுங்கிச்சு. தப்பு முழுக்க என்னோடது. சில நூறு ரூபாய் ஆயிலை மாத்தாம விட்டது நான்தான்.

அன்னைக்கு ராத்திரி அப்பாவுக்கு போன் பண்ணினேன். அப்பா எஸ்டேட் லாரி ஓட்டினவர். பல வருஷம் மேகமலையில தேயிலை மூட்டையோட ஏறி இறங்கினவர். ரோடு குண்டும் குழியுமா இருந்த காலம் அது. நான் கொதிநிலை, ஆவின்னு விளக்கிட்டிருந்தேன். அவர் பொறுமையா கேட்டுட்டுச் சொன்னார்: "இதத்தானப்பா நாங்க 'எந்தக் கியர்ல ஏறுனியோ அந்தக் கியர்ல இறங்கு'ம்போம். பிரேக்க மட்டும் நம்புனா மலை விடாது."

மேகமலை

இப்போ நான் சொல்ல வேண்டிய கதை. எனக்கு 20 வயசு. ஃப்ரெண்டோட பைக். பின்னாடி உட்கார்ந்திருந்தவன் கையில ஸ்டாப்வாட்ச். செக்போஸ்ட் தாண்டினதும் அவன் "ஸ்டார்ட்"னு கத்தினான். ஒவ்வொரு வளைவா எண்ணிக்கிட்டே ஏறினோம். எட்டோ ஒன்பதோ, சரியா நினைவில்லை. ஒரு வளைவுல திரும்பினா, பஸ் பிரேக்டவுன் ஆகி நிக்குது. ஆளுங்க இறங்கி ரோட்டோரமா, ரோட்டுலயும்தான், உட்கார்ந்திருக்காங்க. நான் எப்படித் திருப்பினேன்னு தெரியாது. ஹேண்டில் ஒரு பாட்டியோட ஒயர் கூடையில பட்டு, கூடை உருண்டு, தக்காளி ரோடு முழுக்க. பாட்டிக்கும் எனக்கும் இடையில ஒரு சாண் இருந்திருக்கும்.

அந்தப் பாட்டி திட்டலை. மூச்சு வாங்கிக்கிட்டுக் கேட்டாங்க: "ஏன்டா தம்பி, மேல யாரு சாகக் கெடக்கா, இப்படிப் பறக்குற?"

தக்காளியைப் பொறுக்கிக் கொடுத்துட்டு இறங்கி வந்துட்டோம். வீட்ல சொல்லலை. இத்தனை வருஷத்துல இப்பதான் சொல்றேன்.

டிராக்ல பிரேக் விட்டப்ப எனக்கு மண் இருந்துச்சு, கொடி இருந்துச்சு, எதிர்ல யாரும் வர மாட்டாங்கங்கிற உத்தரவாதம் இருந்துச்சு. அதையெல்லாம் 1903-லிருந்து யார் யாரோ யோசிச்சு, காசு போட்டு, நிலம் வாங்கி வெச்சிருக்காங்க. மேகமலை வளைவுல ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். நடுவுல பஸ், ஜீப், வேலைக்குப் போற ஆளுங்க. அது புலிகள் காப்பகமும்கூட. காட்டுமாடும் யானையும் ரோட்டைக் கடக்கும். அதனாலதான் ராத்திரியில வண்டி விடுறதில்லை. சட்டமும் தெளிவா இருக்கு: பொது இடத்துல பந்தயம் ஓட்டினா, மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவுப்படி முதல் தடவைக்கு 5,000 ரூபாய் வரை அபராதம், மூணு மாசம் வரை சிறை, இல்லைன்னா ரெண்டும். ஈசிஆர் ரோட்டுக்கும் இதேதான். ஆனா என்னை நிறுத்தினது சட்டம் இல்லை, அந்தத் தக்காளிதான்.

காணும் பொங்கல் அன்னைக்கு அதே கார்ல மலைக்குப் போனோம். முன் சீட்டுல அப்பா, பின்னாடி தம்பியும் சித்தியும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஒரு பூவோட பேர் வெச்சுப் பலகை நட்டிருக்காங்க. சித்தி ஒவ்வொன்னா வாசிச்சுட்டு வந்தாங்க. வளைவுக்கு வளைவு ஹாரன். எதிர்ல பஸ் வந்தப்ப ஒதுங்கி நின்னோம். ஏறுற வண்டிக்குத்தான் வழி விடணும், ஆனா பஸ்காரர் பாவம்னு அப்பா சொன்னார். நடுவுல டீக்கு நிறுத்தினோம். மேல தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததும் தம்பிகிட்ட சொன்னேன்: "நேரம் கேட்டேல்ல? ரெண்டு மணி நேரம்."

அவன் சிரிக்கலை. கொஞ்சம் ஏமாற்றம்தான். அதனால கீழ இறங்கும்போது இன்னொன்னும் சொன்னேன். அடுத்த டிராக் டேக்கு அவனும் செட்டிபாளையம் வந்தான். காத்தழுத்தம் பார்க்கிறது, வீல் நட் இறுக்கிறது, சுற்று முடிஞ்சதும் டர்போ ஆற இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட விடச் சொல்லி ஞாபகப்படுத்துறது, எல்லாம் அவன் வேலை. புது பிரேக் ஆயில் பாட்டிலை அவன்தான் திறந்தான். அப்புறம் தடுப்புச் சுவருக்குப் பின்னாடி நின்னு, போன்ல ஸ்டாப்வாட்ச் வெச்சு என் ஒவ்வொரு சுற்றையும் எழுதினான்.

நேரம் எவ்வளவுன்னு இங்க சொல்ல மாட்டேன். அவனே சொல்லிட்டான்: "அண்ணே, பஸ்ஸு இதவிட வேகமா போகும்ணே."

அடுத்த எபிசோடில் சந்திப்போம். பிரேக் ஆயிலை மாத்திட்டு வாங்க.